எரிக்காத குப்பை

மின்குழுவின் பதிவேட்டில் நான் ஒரே வரி:
யாங்சிமா நெம்பாங். வேலை: வலை.

மீன் வலை இல்லை.
யங்வா ஓடையிலிருந்து குழாய் பிரிகிற இடத்தில்
இரும்புக் கம்பிச் சல்லடை ஒன்று.
அதில் உத்தீஸ் இலை அடைத்தால்
கீழே முப்பத்தொன்பது வீட்டில்
பல்பு மஞ்சளாகும்,
அப்புறம் சிவப்பாகும்,
அப்புறம் என்னைத் திட்டுவார்கள்.

விடியலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை.
முழங்கால்வரை தண்ணீர், எலும்பைக் கடிக்கும்.
வாரியால் இழுத்ததைக் கரையில் குவிப்பேன்:
இலை, பாசி, ஏலத்தண்டு,
மேலே எவரோ துவைக்கும்போது
ஓடை பிடுங்கிக்கொண்ட ஒற்றைக் காலுறை.

ஒருநாள் சல்லடையில்
கால் முளைத்த கல் ஒன்று.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
எடுத்தேன்.
காலை வயிற்றில் தேய்த்துக் கறகறத்தது,
எண்ணெய் காணாத கீல்போல.
இத்தனை இரைச்சல் போடும் ஓடையில்
எவர் காதில் விழும் என்று
இந்தக் கோபம்?

சல்லடைக்கு மேலே, ஒரு பாறைமேல் விட்டேன்.
வெள்ளம் என்னைத் தள்ளிற்று.
அதைத் தள்ள முடியவில்லை.

வைகாசியில் காட்மாண்டுவிலிருந்து ஒரு பையன் வந்தான்,
ரொஷில் தண்டுகார்.
கல்லைப் புரட்டி எண்ணுவது அவன் சம்பளம்.
"தும்பிக் குஞ்சு, அக்கா. ஆறேழு வருஷம்
இப்படியே தண்ணீருக்குள்."

விரல் மடக்கினேன்.
அன்று என் கையில் கறகறத்தது
முட்டையாய் இருந்த நாளில்
இந்தக் குழாயே இல்லை.
மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம்.
என் முன்பல் இரண்டும் இருந்தன.

"பறப்பது எத்தனை நாள்?"
"சில வாரம்."
அநியாயம் என்றேன்.
அவன் வெப்பமானியை உதறிக்கொண்டே சொன்னான்:
"சிறகு விரிக்கச் சில வாரம், சில மாதம் முன்பே
கரையேறிவிடும்.
ஈர இலைக்கடியில் கிடக்கும், சும்மா."

"எந்த இலை?"

சுற்றிலும் பார்த்தான்.
என் குவியலைக் காட்டினான்.

நாலு பாகுன் மாதம்
அந்தக் குவியலைக் கொளுத்தியது நான்.
ஏலத்துக்குச் சாம்பல் நல்லது.
ஈரம் மிஞ்சினால் ஒரு குவளை மண்ணெண்ணெய்.
உள்ளே படபடவென்று வெடிக்கும்போது
மூங்கில் கணு என்று நினைத்தேன்.

அன்றிரவு விளக்கு நன்றாக எரிந்தது.
அணைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த பாகுனில் கொளுத்தவில்லை.
பொருளாளர் சந்திரபீர் வந்து
இடுப்பில் கைவைத்து நின்றார்.
"முதல் மழைக்கே சரிந்து
உன் வலைக்குத்தான் திரும்பி வரும்."
உண்மைதான்.
மேலாக இருந்த காய்ந்ததை மட்டும்
கூடை கூடையாக மேட்டுக்குச் சுமந்தேன்,
இருபத்திரண்டு நடை.
அடி ஈரத்தைத் தொடவில்லை.
கரை அசுத்தம் என்று இருநூறு ரூபாய் அபராதம்.
காரணம் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

சித்திரை முடிகிற சமயம்.
விடியவில்லை, டார்ச் வெளிச்சத்தில் போனேன்.
சாத்தி வைத்த வாரியின் காம்பில், பாதி உயரத்தில்,
அது.

முதுகு பிளந்த சட்டை கீழே.
சட்டையைப் பிடித்தபடி மேலே
இன்னும் நிறம் தேறாத உடம்பு,
நனைந்த காகிதமாய்ச் சிறகு.
மற்றத் தட்டான்கள் விரித்து வைப்பதுபோல் இல்லை,
நாலையும் சேர்த்து முதுகில் மூடியிருந்தது.

சல்லடையில் இலை ஏறிக்கொண்டிருந்தது.
என்னிடம் இருப்பது ஒரே வாரி.
கையாலேயே கொஞ்சம் அள்ளினேன்.
விரல் மரத்துப்போயிற்று.
கீழே திரும்பிப் பார்த்தேன்:
மஞ்சள்.

மெல்ல மெல்லக் கறுப்பு வந்தது அதற்கு,
கறுப்பின்மேல் கீற்றுக் கீற்றாக மஞ்சள்.
கீழே சிவப்பு.

கைபேசி அடித்தது. சந்திரபீர்.
"என்ன ஆச்சு?"
"வலையில் இலை" என்றேன்.
பொய் இல்லை.
"எடுக்க வேண்டியதுதானே!"
"எடுக்கிறேன்" என்று சொல்லி
கல்லில் உட்கார்ந்தேன்.